லயத்துப் பாதைக்குக் கொங்கிரீட்: சபைக்கு நிற்பவர் வாக்குறுதி கொடுக்கலாமா?

கேள்வி: மஸ்கெலியா பிரதேச சபைக்கு எங்கள் வட்டாரத்தில் தம்பி ஒருவர் நிற்கிறார். லயத்துப் பாதையை (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்குப் போகும் பாதை) போட்டுத் தருவோம் என்று நோட்டீஸ் அடிக்கலாமா? தோட்டத்துக்குள் சபைப் பணம் செலவழிக்க முடியாது என்கிறார்களே?

பதில் 1: அது பழைய நிலை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக இருந்தது; 2018இல் திருத்திவிட்டார்கள். ஆனால் காணி இன்னும் கம்பெனிக் குத்தகையில்தான். தோட்டத்துரையிடம் (தோட்ட முகாமையாளர்) எழுத்தில் சம்மதம் வாங்காமல் மதிப்பீடு போட்டால் வேலை இழுபடும். ஏ7 மாதிரிப் பெரிய வீதியென்றால் அது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு, அதை நோட்டீஸில் சேர்க்கவே வேண்டாம்.

பதில் 2: கொங்கிரீட்டுக்கு முதல் கானு (வடிகால்)! மேட்டுப் பக்கம் கானும் குறுக்கே தண்ணீர் போக வழியும் இல்லையென்றால் மழைத்தண்ணீர் அடிமண்ணை அரித்துவிடும், மேலே போட்டது வெடிக்கும். டேப் பிடித்து அளந்து எழுதுங்கள். 100 மீற்றர் நீளம், 2.5 மீற்றர் அகலம், 10 சென்ரிமீற்றர் தடிப்பு என்றால் 25 கனமீற்றர். கொழுந்து லொறி ஏறுமென்றால் 15 சென்ரிமீற்றராவது வேண்டும், அப்போது 37.5 கனமீற்றர். கானுச் செலவு தனி.

பதில் 3: தோட்டச் சம்பளம், காணி உறுதி இரண்டும் சபையின் கையில் இல்லை. அதைச் சொல்லி ஓட்டுக் கேட்பது சனத்தை ஏமாற்றுவது. தெருவிளக்கு, குப்பை, மயானப் பாதை பேசுங்கள் அண்ணே. நோட்டீஸ் பில்லையும் பத்திரமாக வையுங்கள்: 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தல் சட்டப்படி, முடிவு வெளியாகி 21 நாளுக்குள் தோற்றவரும் செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும்.