கோல்டன் கிராஸ் எத்தனை கிராம்?

கார்த்தி: நான் வாங்கிய கம்பெனிப் பங்கில் கோல்டன் கிராஸ் வந்துவிட்டது!! 🔥

அத்தை: தங்கச் சிலுவையா? எத்தனை கிராம்டா?

கார்த்தி: 😂 பங்கு விலை சார்ட்டில் வரும் கோடு அத்தை. 50 நாள் மூவிங் ஆவரேஜ், 200 நாள் கோட்டைக் கீழேயிருந்து வெட்டி மேலே போனால் அந்தப் பெயர், இனி விலை ஏறும் என்பார்கள்

அத்தை: ஒன்றும் புரியவில்லை

சித்தப்பா: அக்கா, நீ காலண்டர் கட்டத்தில் தினமும் தங்க விலை எழுதுகிறாயே, கடைசி 10 நாள் விலையைக் கூட்டிப் பத்தால் வகுத்துக்கொள். நாளைக்குப் புது விலையைச் சேர்த்து, இருப்பதிலேயே பழையதைத் தள்ளிவிட்டு மறுபடி வகு. இப்படி வருகிற புள்ளிகளைச் சேர்த்தால் அந்தக் கோடு. பழைய விலையும் உள்ளே கிடப்பதால் எப்போதும் பின்னாலேயேதான் வரும், 200 நாள் கோடு இன்னும் சோம்பேறி. கார்த்தி, கிராஸ் தெரிவதற்குள் நல்ல ஏற்றம் போயிருக்கும்டா

ப்ரியா: போன வாரம் ஆர்எஸ்ஐ என்கிற எண் 30க்குக் கீழே, ஓவர்சோல்டு, அதாவது அளவுக்கு மீறி விற்றாகிவிட்டது, இனி ஏறத்தான் செய்யும் என்று எனக்கும் ஒன்று சொன்னான். வாங்கினேன், இன்னும் இறங்குகிறது 🙄

சித்தப்பா: ஓவர்சோல்டு என்றால் மலிவு என்று அர்த்தமில்லை ப்ரியா. ஆர்எஸ்ஐ என்பது 14 நாளில் ஏறியது எவ்வளவு, இறங்கியது எவ்வளவு என்று ஒப்பிட்டு 0க்கும் 100க்கும் நடுவில் வைக்கிற எண், அவ்வளவுதான். 1978இல் வைல்டர் என்கிறவர் கொண்டுவந்தது. 2020 மார்ச்சில் நிஃப்டி, அதாவது 50 பெரிய கம்பெனிப் பங்குகளின் குறியீடு, 10,400 பக்கம் வந்தபோதே அதன் ஆர்எஸ்ஐ 30க்குக் கீழே போய்விட்டது, இதற்கு மேல் எங்கே விழப்போகிறது என்று நானும் வாங்கினேன். 23ஆம் தேதி 7,610இல் முடிந்தது, அன்றைக்கு மட்டும் 13 சதவீதம் இறக்கம். சித்தியிடம் மூச்சே விடவில்லை

சித்தி: இப்போதுதான் தெரிகிறது

கார்த்தி: 🤣🤣

கார்த்தி: சரி சித்தப்பா, நேற்று ஹேமர் கேண்டிலும் வந்திருக்கிறதே, ஒரு நாள் விலையைக் காட்டும் சுத்தியல் மாதிரி படம், அதுவும் ஏறும் என்பதற்கு அடையாளம்தானே? படம் அனுப்பியிருக்கிறேன்

சித்தப்பா: பெரிதாக்கிப் பார்த்தேன். உடம்பு மேலே சின்னதாக, வால் அதைப் போல இரண்டு மடங்கு, உருவமெல்லாம் சரிதான். ஆனால் ஹேமர் என்றால் இறங்கி இறங்கி வந்த இடத்தில் வர வேண்டும். உனக்கு ஏறிப்போன உச்சியில் வந்திருக்கிறது, அங்கே அதே உருவத்துக்கு ஹேங்கிங் மேன் என்று பெயர், இறங்கலாம் என்று எச்சரிக்கை

அத்தை: தூக்கில் தொங்குகிறவனா? காலங்காத்தாலே என்ன பேச்சு இது!

சித்தப்பா: சரி, இந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடு என்கிற ஸ்டாப்லாஸ் எங்கே போட்டிருக்கிறாய்?

கார்த்தி: மனதில்

சித்தி: இவரும் அங்கேதான் போட்டிருந்தார் போல

அத்தை: இன்றைக்குத் தங்கம் என்ன விலை, யாராவது பார்த்தீர்களா? காலண்டரில் எழுத வேண்டும்