412 கிளிக், 3 விற்பனை: என் கமிஷன் எங்கே போகிறது?

பித்தளைக்குடம்:
வணக்கம். இரண்டு வருடமாக மிக்ஸி, கிரைண்டர், குக்கர் பற்றித் தமிழில் எழுதி வருகிறேன், எல்லாமே என் அடுப்படியில் மாவரைத்துப் பார்த்துவிட்டு எழுதுவது. சில மாதம் முன்னால் ஒரு கிரைண்டர் நிறுவனத்தின் அஃபிலியேட் திட்டத்தில், அதாவது நான் கொடுக்கும் லிங்க் வழியாக யாராவது வாங்கினால் எனக்குக் கமிஷன் தரும் திட்டத்தில், சேர்ந்தேன். 10 சதவீதம் என்றார்கள், 7,000 ரூபாய் கிரைண்டருக்கு 700 ரூபாய், வேறு எதையும் யோசிக்கவில்லை. இரண்டு மாதத்தில் 412 பேர் என் லிங்கைக் கிளிக் செய்திருக்கிறார்கள், கணக்கில் ஏறியது 3 விற்பனை. ஆனால் நீங்கள் சொன்னதைத்தான் வாங்கினேன் என்று எனக்கு எழுதியவர்களே ஒன்பது பேர். அதில் ஒரு அம்மா பில்லைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். தேங்காய் துருவி சேர்ந்து வருமா என்று கேட்பதற்காக நிறுவனத்தின் வெப்சைட் ஓரத்தில் இருந்த வாட்ஸ்அப் பட்டனை அழுத்தியிருக்கிறார், அந்தப் பக்கம் இருந்தவர் 300 ரூபாய் குறைத்து, க்யூஆர் கோடு அனுப்பி, அங்கேயே பணத்தை வாங்கிக்கொண்டார். நிறுவனத்திடம் கேட்டால் வெப்சைட் ஆர்டருக்கு மட்டும்தான் கமிஷன் என்கிறார்கள். விதிமுறையை எடுத்துப் படித்தால் அப்படித்தான் இருக்கிறது. இரண்டு நாளாக மனசே சரியில்லை. அடுத்த திட்டத்தில் சேரும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ஒத்தையடிப்பாதை:
அக்கா, இதே அடியை நானும் வாங்கியிருக்கிறேன், எனக்கு அது ஒரு ஆன்லைன் கோர்ஸ். அதிலிருந்து எந்தத் திட்டமானாலும் சதவீதத்தைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் இன்காக்னிட்டோ விண்டோவில் என் லிங்கைத் திறந்து, பணம் கட்டும் பக்கம் வரைக்கும் வாங்க வந்த ஆள் மாதிரியே போவேன். போகிற வழியில் போன் நம்பர் இருக்கிறதா, வாட்ஸ்அப் இருக்கிறதா, அருகிலுள்ள ஷோரூம் என்று ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பேன், ஒவ்வொன்றும் நம் ஆள் வெளியே போகிற வாசல். அட்ரஸ் பாரிலும் ஒரு கண் வையுங்கள். வந்தவர் நம் ஆள் என்று காட்டுகிற நம் கோடு முதல் பக்கத்தில் அந்த லிங்கோடு இருக்கும், மொபைல் பக்கத்துக்குத் திருப்பிவிடும்போது காணாமல் போயிருக்கும். அப்படி நடந்து நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

கிரைண்டரைப் போனில் நாலு கேள்வி கேட்காமல் யாரும் வாங்க மாட்டார்கள், அதனால் அந்த வாசலை அடைக்கச் சொல்லி நிறுவனத்தோடு மல்லுக்கு நிற்பதில் பயன் இல்லை. உங்களுக்கென்று தனி கூப்பன் கோடு கேளுங்கள். வாங்குகிறவருக்கு 200, 300 குறையும், அதனால் போனிலோ கடையிலோ அவரே அந்தக் கோடைச் சொல்லிக் கேட்பார், விற்பனை உங்கள் பெயரில் ஏறிவிடும். கோடு தர மறுக்கிற நிறுவனத்தில் நான் சேர்வதே இல்லை.

வெயில்காலம்:
மேலே சொன்னதோடு குக்கியையும் பாருங்கள், அதாவது உங்கள் லிங்கில் வந்தவர் என்று அவருடைய பிரவுசரில் பதிந்து வைக்கும் சின்னக் குறிப்பு, அது எத்தனை நாள் நிற்கிறது என்று. அமேசானில் 24 மணி நேரம்தான், அதற்குள் கார்ட்டில் போட்டுவிட்டால் 90 நாள் வரை செல்லும். சில திட்டங்களில் 30, 60 நாள் என்று போட்டிருப்பார்கள், அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். ஐபோன் சஃபாரியில் ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிற குக்கிகள் 2019 முதலே 7 நாளுக்கு மேல் நிற்பதில்லை, 2020 மார்ச்சில் மூன்றாம் தரப்புக் குக்கிகளை (நாம் பார்க்கிற தளம் அல்லாமல் வேறு தளம் போடுகிறவை) மொத்தமாகவே தடுத்துவிட்டார்கள். பிரவுசரில் இருக்கும் குக்கியை மட்டும் நம்பாமல் சர்வரிலிருந்தே விற்பனையைப் பதிவு செய்கிறார்களா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். அப்புறம், இன்ஸ்டாவில் லிங்க் கொடுத்தால் அது இன்ஸ்டாவுக்குள்ளேயே திறக்கும். அந்தக் குக்கி அதற்குள்ளேயே தங்கிவிடும், ராத்திரி வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு குரோமில் போய் வாங்கினால் உங்களுக்கு ஒன்றும் வராது.

கடைசிக் கிளிக் யாருடையதோ அவருக்குத்தான் கமிஷன் என்பதுதான் பெரும்பாலான இடத்தில் விதி. பிரவுசரில் சேர்த்துக்கொள்கிற, கூப்பன் தேடித் தரும் எக்ஸ்டென்ஷன்கள் பணம் கட்டும் நேரத்தில் இந்த இடத்தில்தான் நுழைந்து கடைசிக் கிளிக்கைத் தங்களுடையதாக்கிக்கொள்கின்றன. 2024 டிசம்பரில் பேபாலின் ஹனி என்கிற கூப்பன் எக்ஸ்டென்ஷன் மேல் இந்தக் குற்றச்சாட்டு வெடித்தது, யூடியூபர்கள் வழக்கே போட்டார்கள். 2025 மார்ச்சில் கூகுளும் குரோம் எக்ஸ்டென்ஷன் விதியை இறுக்கியது, வாங்குகிறவருக்கு நேரடிப் பலன் இல்லாமல் அஃபிலியேட் கோடைச் செருகக் கூடாது என்று. உங்கள் நிறுவனம் இவர்களுக்கும் கமிஷன் கொடுக்கிறதா என்று நேராகவே கேளுங்கள்.

மண்சட்டி:
லிங்கைச் சுருக்கி மறைத்துக் கொடுத்தால் கமிஷன் கைவிட்டுப் போகாது என்கிறார்களே, செய்யலாமா?

வெயில்காலம்:
உங்கள் சொந்த டொமைன் வழியாகத் திருப்பிவிடுவது பல திட்டங்களில் சரி, லிங்க் மாறினால் ஒரே இடத்தில் திருத்தலாம், அதற்காகவே செய்யலாம். அமேசானில் மட்டும் வேண்டாம். அங்கே கிளிக் எங்கே போகிறது என்பதை மறைப்பது விதிமீறல், கணக்கையே மூடிவிடுவார்கள். உங்கள் லிங்கில் நீங்களே வாங்குவதும் அப்படித்தான்.

கணக்குப்பிள்ளை:
விற்பனை ஏறியதும் பணம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ரிட்டர்ன் ஆனால் கமிஷனைத் திரும்ப எடுப்பார்கள், அது நியாயம்தான். எத்தனை நாள் நிறுத்தி வைப்பார்கள், குறைந்தது எவ்வளவு சேர்ந்தால் தருவார்கள், திட்டத்தை மூடினால் நிலுவை என்ன ஆகும், இந்த மூன்றுக்கும் பதில் எழுத்தில் வேண்டும். 5,000 சேர்ந்தால்தான் தருவோம் என்கிற இடத்தில் மாதம் 400 சம்பாதித்தால் ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

சதவீதத்தை அவர்கள் நினைத்த நேரத்தில் மாற்றலாம். 2020 ஏப்ரலில் அமெரிக்க அமேசான் பர்னிச்சருக்கு 8-லிருந்து 3, மளிகைக்கு 5-லிருந்து 1 என்று இறக்கியது, அதை மட்டுமே நம்பி இருந்தவர்கள் ரொம்பச் சிரமப்பட்டார்கள். அதனால் ஒரே பொருளுக்கு இரண்டு திட்டமாவது கையில் இருக்கட்டும்.

பான் எண் கொடுத்துவிட்டீர்களா? கமிஷனுக்கு டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வருமான வரி) 2024 அக்டோபர் முதல் 2 சதவீதம்தான், பான் இல்லாவிட்டால் 20 பிடிப்பார்கள். பிடித்த பணம் உங்கள் பெயரில் கட்டப்பட்டிருக்கிறதா என்று வருமான வரித்துறை தளத்தில் உள்ள உங்கள் வரிக்கணக்கு அறிக்கையில் பாருங்கள்.

பித்தளைக்குடம்:
எல்லோருக்கும் நன்றி. ஒத்தையடிப்பாதை தம்பி சொன்ன மாதிரி நேற்று ராத்திரி உட்கார்ந்து நான்கு திட்டங்களில் பணம் கட்டும் பக்கம் வரை போய்ப் பார்த்தேன், இரண்டில் என் கோடு வழியிலேயே விழுந்துவிட்டது. பழைய நிறுவனத்துக்கும் அந்த பில் போட்டோவோடு மெயில் போட்டேன். நடந்ததற்குப் பணம் தர மாட்டார்களாம், இனி தனி கூப்பன் கோடு தருகிறோம், வாட்ஸ்அப் ஆர்டரிலும் அது செல்லும் என்று பதில் வந்திருக்கிறது. கோடு கைக்கு வந்ததும் முதலில் தங்கையை விட்டு வாட்ஸ்அப்பில் கேட்கச் சொல்லப் போகிறேன், அந்தப் பக்கம் இருப்பவருக்கு இப்படி ஒரு கோடு இருப்பதே தெரியுமா என்று பார்க்க வேண்டும். அதுவரைக்கும் அந்த லிங்கைப் பதிவிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன்.