'தள்ளாதே' என்றால் தள்ளு: ஜப்பானிய டிவியின் தண்டனை விளையாட்டு நகைச்சுவையா, வதையா?

பட்டறை மணி:
நேற்று இன்னோர் இழையில் ஒருவர், "ஜப்பான்காரன் டிவியில் ஆளை அடித்துப்போட்டுச் சிரிக்கிறான், அதுக்குப் பேரு காமெடியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். பதினைந்து வருடமாக இந்த நிகழ்ச்சிகளைத் தேடித் தேடிப் பார்க்கிறவன் நான். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் தனி இழை.

தெரியாதவர்களுக்கு: 'பட்சு' என்றால் தண்டனை. தோற்றவருக்குக் கிடைக்கும் தண்டனைதான் 'பட்சு கேம்'. இதில் உலகம் முழுக்கப் பரவியது நிப்பான் டிவியில் 1989-இல் தொடங்கிய 'காகி நோ ட்சுகாய்'. ஹமாதா, மட்சுமோட்டோ என்ற 'டவுன்டவுன்' இரட்டையர், அவர்களோடு இன்னும் மூன்று பேர். 2003-இல் 'சிரிக்கக் கூடாது' என்ற தண்டனையைக் கண்டுபிடித்தார்கள். போட்டியில் தோற்றவர்களை ஒரு வெந்நீர் ஊற்று விடுதிக்குக் கூட்டிப்போய், என்ன நடந்தாலும் சிரிக்கக் கூடாது என்று விதி வைத்தார்கள். அது 2006 முதல் 2020 வரை ஒவ்வொரு டிசம்பர் 31 இரவும் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் கோஹாகு பாட்டு நிகழ்ச்சிக்கு எதிரே ஓடியது.

சிரித்தால் 'தெதேன்' என்று ஓர் ஓசை. "மட்சுமோட்டோ, அவுட்!" என்று ஒலிபெருக்கியில் குரல். முகமூடி ஆள் ஓடிவந்து பின்புறத்தில் ஒரு அடி. இதில் அடியைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. நாற்பது, ஐம்பது வயது ஆட்கள் பஸ்ஸில் உதட்டைக் கடித்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, தோள் குலுங்க அடக்குகிறார்களே, அதைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் திட்டும்போது பக்கத்து பெஞ்ச்காரனைப் பார்த்துச் சிரிப்பு முட்டிய அனுபவம் எல்லோருக்கும் உண்டு. அதை ஒரு முழு நாளுக்கு நீட்டியிருக்கிறார்கள். இதைக் காட்டுமிராண்டித்தனம் என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தாரிணி:
மணி சார், நேற்று அந்தக் கேள்வியைக் கேட்டதற்கு 'சரியாகச் சொன்னீர்கள்' என்று பதில் போட்டவள் நான். நான் பள்ளி ஆசிரியை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில், ஆறாம் வகுப்புப் பையன்கள் ஒருவனை உட்கார வைப்பதுபோல நாற்காலியை இழுத்துவிட்டு, விழுவதை போனில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கேட்டால் "இது கேம் மிஸ், அவனும் சிரிச்சான்" என்றார்கள். அவன் சிரித்தான்தான். சிரிக்காவிட்டால் நாளைக்கு யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்பதால் சிரித்தான். அன்று மாலை என்னிடம் வந்து அழுதான். நான் தலைமையிடம் கொண்டுபோனேன். "பசங்க விளையாட்டு" என்று அனுப்பிவிட்டார்கள். அந்தச் சொல்லை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

நான் மட்டும் சொல்லவில்லை. ஜப்பானிலேயே பிபிஓ என்ற ஒளிபரப்பு நெறி அமைப்பின் இளையோர் குழு 2022 ஏப்ரலில் ஒரு கருத்துரை வெளியிட்டது. வலியைச் சிரிப்புக்குப் பொருளாக்கும் நிகழ்ச்சிகள் பற்றியே அது. உதாரணமும் கொடுத்தார்கள்: எரிச்சலூட்டும் ரசாயனம் தடவிய உள்ளாடையை ஓர் இளம் நகைச்சுவையாளருக்குப் போடவைத்து, அவர் துடிப்பதைச் சுற்றி நின்று மற்றவர்கள் சிரித்தது, ஆழமான குழியில் ஒருவரை விழவைத்து ஆறு மணி நேரம் அப்படியே விட்டது. ஒருவர் வலியில் இருக்கும்போது பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பதைப் பார்த்து வளரும் குழந்தைக்கு, அடுத்தவன் வலி தன் வலிபோலத் தோன்றுவது எப்படி வரும் என்பதுதான் அவர்கள் கவலை. என் கவலையும் அதுதான்.

நாகோயா ரவி:
இங்கே பதினோரு வருடமாக இருக்கிறேன். ஒரு திருத்தம்: பிபிஓ அரசாங்க அமைப்பு இல்லை. என்எச்கேயும் தனியார் சேனல்களின் சங்கமும் சேர்ந்து தாங்களே 2003-இல் வைத்துக்கொண்டது. 2022 கருத்துரை எதையும் தடை செய்யவில்லை. ஆனால் இங்குள்ள நகைச்சுவையாளர்கள் பலருக்கு அது பெரிய அடியாக விழுந்தது.

ஏன் என்று புரிய 'தாச்சோ கிளப்' என்ற நகைச்சுவை மூவரைப் பற்றிச் சொல்லவேண்டும். நகைச்சுவையாளர் பீட் தாகேஷி நடத்திய 'சூப்பர் ஜாக்கி' நிகழ்ச்சியில் ஒரு வெந்நீர்த் தொட்டி இருந்தது. எத்தனை விநாடி தாங்குகிறீர்களோ அத்தனை விநாடி உங்கள் படத்தையோ பாட்டையோ விளம்பரம் செய்துகொள்ளலாம். மூவரில் உயேஷிமா ரியூஹே தொட்டியின் விளிம்பில் நான்கு காலில் நின்று, "தள்ளாதே" என்பார். மறுபடி "தள்ளாதே". மூன்றாம் முறை "கட்டாயம் தள்ளாதே!" அந்த மூன்றாவது 'தள்ளாதே'தான் தள்ளுவதற்கான சைகை. விழுவார், துள்ளி எழுவார், "என்னைக் கொல்லப் பார்க்கிறாயா!" என்று கத்துவார். அதில் தண்ணீரின் சூட்டை விட நேரக்கணக்கு முக்கியம். அரை விநாடி தவறினால் சிரிப்பு வராது. இன்றைக்கும் இங்கே அலுவலகத்தில் யாராவது "கட்டாயம் செய்யாதே" என்று அழுத்திச் சொன்னால் எல்லோரும் அந்தத் தொட்டியை நினைத்துச் சிரிப்பார்கள்.

இவர்களுக்கு 'ரியாக்‌ஷன் கெய்னின்' என்று தனிப் பெயர். துடிப்பதே தொழில். தண்டனை தன் பக்கம் வந்தால் 'ஒய்ஷீ' என்பார்கள். ருசி என்று அர்த்தம். இந்த முறை கேமரா எனக்கு என்ற சந்தோஷம் அது. உயேஷிமா 2022 மே மாதம் காலமானபோது ஊரே அழுதது. அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லோரையும் குரூரர்கள் என்று சொல்ல என்னால் முடியாது.

அல்லிக்கேணி:
ரவி அண்ணா எழுதியதை மறுக்கவில்லை. ஆனால் நல்ல உதாரணமாகப் பொறுக்கி எடுத்துக் காட்டுகிறீர்கள். அதே நிப்பான் டிவி 1998 ஜனவரியில் செய்ததையும் சொல்லுங்கள்.

'டென்பா ஷோனென்' நிகழ்ச்சிக்காக நசுபி என்ற புதுமுக நகைச்சுவையாளரைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். நசுபி என்றால் கத்திரிக்காய், நீளமுகம் என்பதால் வந்த பெயர். ஓர் அறையில் விட்டு, உடுப்பு முழுவதையும் வாங்கிக்கொண்டார்கள். பத்திரிகைகளில் வரும் பரிசுப் போட்டிகளுக்கு அஞ்சலட்டை எழுதிப்போட்டு, கிடைக்கும் பரிசை வைத்தே வாழவேண்டும். பத்து லட்சம் யென் மதிப்புள்ள பரிசு சேர்ந்தால் விடுதலை. உடுத்திக்கொள்கிற மாதிரி துணி பரிசாக வரவேயில்லை. ஒரு கட்டத்தில் நாய் உணவைச் சாப்பிட்டார். கோடிக்கணக்கானவர்கள் ஒவ்வொரு வாரமும் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. கிட்டத்தட்ட பதினொரு மாதம் கழித்து இலக்கை எட்டினார். கொரியாவுக்குக் கூட்டிப்போய், திரும்பி வரும் பயணச் செலவுக்கு மறுபடியும் அதே ஆட்டம். கடைசியில் இன்னோர் அறை, வழக்கம்போல உடுப்பைக் கழற்றினார். சுவர்கள் சரிந்து விழுந்தன. எதிரே ஸ்டூடியோ நிறையப் பார்வையாளர்கள், கைதட்டல்.

நான் அதைப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை, உடம்பு கூசியது. இதில் நேரக்கணக்கு எங்கே, கலை எங்கே?

பட்டறை மணி:
நசுபியை நான் பாதுகாக்க வரவில்லை. அது தவறு, முழுத் தவறு. ஆனால் அது பட்சு கேமே இல்லை. அவர் எந்தப் போட்டியிலும் தோற்கவில்லை, விதி அவருக்கு முழுசாகச் சொல்லப்படவில்லை. அதைக் காட்டி வெந்நீர்த் தொட்டியைத் திட்டுவது நியாயமா? அப்புறம் இன்னொன்று, அந்த அறையின் கதவு பூட்டப்படவில்லை.

அல்லிக்கேணி:
பூட்டவில்லை, தெரியும். நசுபியே பின்னால் அதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்: வெளியே போகவேண்டும் என்ற எண்ணமே செத்துப்போயிருந்தது. 'கதவு திறந்துதானே இருந்தது' என்ற வாதம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது மணி அண்ணா. தாரிணி மேடம் சொன்ன பையனுக்கும் வகுப்பறைக் கதவு திறந்துதான் இருந்தது.

பட்சு கேம் வேறு, இது வேறு என்று நீங்கள் பிரிக்கலாம். செய்தவர்கள் பிரிக்கவில்லையே. அதே சேனல், அதே தொழில்.

தாரிணி:
அல்லிக்கேணி, நன்றி.

மணி சார், 'காகி' ஆட்களையே எடுத்துக்கொள்வோம். நேற்று ராத்திரி உங்களுக்காக இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். பஸ் காட்சிகளில் நானும் சிரித்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஹமாதாவும் மட்சுமோட்டோவும்தான் அந்த நிகழ்ச்சியின் முதலாளிகள் மாதிரி, அவர்களே அடி வாங்குகிறார்கள். மேலே இருப்பவன் விழும்போது வரும் சிரிப்பு எனக்குப் பிரச்சினை இல்லை.

ஆனால் ஹோசெய் என்பவரை மட்டும் வருடாவருடம் தனியாகப் பிடித்து, இல்லாத குற்றத்தைச் சுமத்தி, சோனோ என்ற மல்யுத்த வீரரை விட்டுக் கன்னத்தில் அறைய வைக்கிறார்கள். அவர் கெஞ்சுகிறார், பின்வாங்குகிறார், மற்ற நால்வரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. குழுவில் எப்போதும் ஒரே ஆள் என்றால் அது எந்த வகுப்பறையிலும் எனக்குத் தெரிந்த வடிவம்தான்.

நாகோயா ரவி:
தாரிணி மேடம், ஹோசெய் அறை நீண்ட நாள் ஓடிய ஒரு தொடர் நாடகம். அவரும் சோனோவும் அதை வருடாவருடம் மெருகேற்றினார்கள். இந்த வருடம் எப்படித் தப்பிக்கப் பார்ப்பார் என்பதற்காகவே காத்திருப்போம். ஆனால் நீங்கள் சொல்லும் உறுத்தல் இங்கேயும் உண்டு. ஜப்பானிய மொழியில் 'இஜிரி', 'இஜிமே' என்று இரண்டு சொல். முதலாவது சீண்டல், இரண்டாவது கொடுமைப்படுத்துதல். இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்று இங்குள்ள பெற்றோர்கள் சண்டை போடாத வருடம் இல்லை. பள்ளிகளில் இஜிமேயைத் தடுக்க 2013-இல் சட்டமே வந்தது.

எனக்கே மனம் மாறிய ஒரு சம்பவம் உண்டு. 2018 டிசம்பரில் டிபிஎஸ் சேனலின் 'சுய்யோபி நோ டவுன்டவுன்' நிகழ்ச்சி, குரோ-சான் என்ற நகைச்சுவையாளரைத் தண்டனையாக டோக்கியோவின் தோஷிமாயென் பொழுதுபோக்குப் பூங்காவில் கூண்டில் அடைத்து, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று அறிவித்தது. ராத்திரி நேரத்தில் கட்டுக்கடங்காத கூட்டம் வந்து, பாதியிலேயே நிறுத்தவேண்டியதாயிற்று. அவர் தொழில்முறை ஆள், சம்மதித்து உள்ளே போனவர். ஆனால் வெளியே நின்ற கூட்டம் தொழில்முறைக் கூட்டம் இல்லை. ஸ்டூடியோவில் தள்ளுகிறவனுக்கு எப்போது தள்ளவேண்டும், எப்போது நிறுத்தவேண்டும் என்று தெரியும். கூட்டத்துக்குத் தெரியாது. அன்றைக்கு முதல்முறையாகச் செய்தியைப் பார்த்து நான் சிரிக்கவில்லை.

சித்திரைச்செல்வன்:
நடுவில் வருகிறேன். கவுண்டமணி செந்திலை உதைத்ததைப் பார்த்து வளர்ந்த நாம் ஜப்பான்காரனுக்குப் பாடம் எடுக்கலாமா?

அல்லிக்கேணி:
செல்வன், அது எழுதி ஒத்திகை பார்த்த சினிமா. அடுத்த ஷாட்டில் இருவரும் எழுந்து டீ குடிக்கப் போவார்கள் என்று ஆறு வயதுக் குழந்தைக்கும் தெரியும். ரியாலிட்டி என்று சொல்லிக் காட்டும்போதுதான் குழந்தைக்கு அது தெரியாமல் போகிறது. பிபிஓ கருத்துரையில் இருக்கும் முக்கியமான புள்ளியே அதுதான்.

பட்டறை மணி:
நடிப்பு என்று வெளிப்படையாகத் தெரிந்தபோதும் திட்டினார்கள் அல்லிக்கேணி. 1969 முதல் 1985 வரை டிபிஎஸ்ஸில் ஓடிய 'ஹாச்சிஜி தா யோ! ஜென்இன் ஷூகோ' மேடையில் நேரலையாக நடந்தது. மேலிருந்து தகரப் பாத்திரம் தலையில் விழும், மொத்த வீடும் சரியும். 1973-இல் 50.5 சதவீதப் பார்வையாளர் அளவு எட்டியது. பெற்றோர் சங்கங்கள் அதையும் குழந்தைகளுக்கு ஆகாத நிகழ்ச்சி என்றுதான் சொல்லின. அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை கெட்டுப்போகவில்லையே. அதனால்தான் பெரியவர்கள் கவலைப்படும் ஒவ்வொரு முறையும் எனக்கு எச்சரிக்கை வருகிறது.

ஆனால் ஒன்று ஒப்புக்கொள்ளவேண்டும். மட்சுமோட்டோவே 2016-இல் அமேசானுக்கு 'டாக்குமென்டல்' செய்தார். பத்து நகைச்சுவையாளர்கள், ஆளுக்குப் பத்து லட்சம் யென் கட்டி, ஆறு மணி நேரம் ஓர் அறையில். சிரித்தால் அட்டை காட்டி வெளியேற்றம், அடி கிடையாது. அதே வடிவம்தான் பல நாடுகளுக்குப் போய், 2021-இல் தமிழில் 'எங்க சிரி பாப்போம்' என்று விவேக்கும் சிவாவும் நடத்த வந்தது. விவேக் மறைந்த பிறகு வெளியான அதை எத்தனை பேர் கண்ணீரோடு பார்த்தோம். அடக்கும் சிரிப்புக்கு அடி அவசியம் இல்லை என்று அந்த வடிவத்தைக் கண்டுபிடித்தவரே காட்டிவிட்டார்.

இருந்தாலும் எனக்கு அந்த 'தெதேன்' வேண்டும். சிரித்ததும் வெளியேற்றினால் ஆட்டம் சுருங்கிவிடுகிறது. ஓர் அடியோடு போனால், பின்புறத்தைத் தடவிக்கொண்டே மறுபடி உட்கார்ந்து, மறுபடி சிரித்து, ஒரு ராத்திரி முழுக்க ஐந்து பேரும் சேர்ந்தே தாண்டுகிறார்கள். யாரும் விலக்கப்படுவதில்லை. களைத்துப்போய் ஐந்து பேரும் ஒன்றாக முடிக்கிறார்களே, அதற்காகத்தான் நான் பார்க்கிறேன்.

தாரிணி:
யாரும் விலக்கப்படுவதில்லை என்ற வரிக்கு என்னிடம் உடனே பதில் இல்லை. நேற்று ராத்திரி எனக்கும் அது பிடித்திருந்தது.

ஆனால் ரசாயன உள்ளாடை போட்ட அந்த இளைஞரால் 'முடியாது' என்று சொல்லியிருக்க முடியுமா? புதிதாக வந்தவன் மறுத்தால் அடுத்த வாய்ப்பு வராது. ஹமாதாவுக்கு மறுக்கும் பலம் இருக்கிறது, அவருக்கு இல்லை. இதற்கு மட்டும் நீங்களோ ரவியோ பதில் சொல்லுங்கள்.

நாகோயா ரவி:
முடியாது மேடம். இங்கே சென்பாய், கோஹாய் என்ற மூத்தவர்-இளையவர் வரிசை நகைச்சுவைத் துறையில் மிகக் கறாரானது. உயேஷிமா தொட்டிக்குள் போனது தானே உருவாக்கிய வித்தையோடு. அந்த இளைஞருக்கு அப்படி எதுவும் கையில் இல்லை. நான் அதற்கு வக்காலத்து வாங்க மாட்டேன்.

பட்டறை மணி:
நானும் மாட்டேன். உயேஷிமாவின் தொட்டிக் காட்சி ஒன்றை அனுப்புகிறேன் மேடம், ஒரே நிமிடம்தான். மூன்றாவது 'தள்ளாதே'க்கு முன்னால் அவர் திரும்பி நண்பர்களைப் பார்க்கும் பார்வையைக் கவனியுங்கள்.

தாரிணி:
அனுப்புங்கள். என் வகுப்பில் போட்டுக் காட்டி, அவர் எப்போது தள்ளச் சொல்கிறார் என்று பிள்ளைகளிடம் கேட்கிறேன். கண்டுபிடிக்கிறார்களா பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். குழியில் ஆறு மணி நேரம் கிடந்தவரைப் பற்றியும் கேட்பேன்.