‘நோஃப்’ என்ற எபிரேயச் சொல்லின் பொருளும் வழக்கும்: விளக்கம் தேவை

எபிரேயம் அறிந்த நண்பர்களுக்கு வணக்கம். நிலக்காட்சி என்ற பொருளில் இன்று வழங்கும் ‘நோஃப்’ என்ற சொல், சீயோன் மலையின் எழிலைப் பாடும் விவிலியத்தின் 48ஆம் சங்கீதத்தில் ‘யெஃபே நோஃப்’ (எழில்மிகு காட்சி) என்ற தொடரில் வருகிறது. பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவிலோ, தவறுதலாகக் கொலை செய்தவர் தஞ்சம் புகும் அடைக்கல நகரின் எல்லைக்குள் வேரூன்றி எல்லைக்கு வெளியே கிளை நீட்டி நிற்கும் மரத்தைப் பற்றிய விதியில், அதே சொல் அம்மரத்தின் கிளைப்பரப்பைக் குறிக்கிறது. இந்தப் பொருள்தான் என்னை மிகவும் ஈர்த்தது. இன்றும் அது வழக்கில் உள்ளதா? 2019இல் இஸ்ரேலின் நாசரேத் இல்லித் நகரம் ‘நோஃப் ஹகலீல்’ என்று பெயர் மாறியபோது கருதப்பட்டது கலிலேயாவின் நிலக்காட்சியே. ஆனால், கட்டடங்கள் அடர்ந்த நகரக் காட்சியையும் பேச்சில் இச்சொல்லாலேயே சுட்டுவார்களா, தோற்றம், காட்சி எனப் பொருள்படும் ‘மர்ஏ’ என்ற சொல்லை எங்கே ஆள்வார்கள் என்பதை எடுத்துக்காட்டு வாக்கியங்களுடன் விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.