சின் சால்வைகள்: ஒரு புதுப்பிப்பு

போன மாதம் இங்கே எழுதியிருந்தேன்: 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு மியான்மரிலிருந்து மிசோரமுக்குத் தப்பி வந்த சின் இனப் பெண்கள் நெய்த 30 சால்வைகளை, வியாசர்பாடியில் எங்கள் வீட்டில் வைத்து விற்கப்போகிறேன் என்று. 26 போய்விட்டன. பணம் முழுவதையும் நேற்றே அனுப்பிவிட்டேன்.

நிறைய பேர் நடுவில் ஓடும் தையலைக் காட்டி, "கிழிஞ்சதைத் தைச்சிருக்காங்களா?" என்று கேட்டார்கள். இல்லைங்க, அது இடுப்புத் தறி. பாவின், அதாவது நீளவாக்கில் ஓடும் நூல்களின், ஒரு முனையைத் தூணில் கட்டி, மறுமுனையை நெய்கிற பெண் தன் இடுப்போடு வாரால் கட்டிக்கொள்வார். அவர் பின்னால் சாய்ந்தால்தான் பாவு விறைக்கும். அதனால் துணி அகலமாக வராது. இரண்டு பட்டைகளை இணைத்தால்தான் ஒரு சால்வை. இதைச் சொன்னதும் பேரம் பேசுவதைப் பலர் விட்டுவிட்டார்கள்.

எங்கள் ஆயா 1965இல் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவர். ஒரு சால்வையை மடியில் போட்டு அந்தத் தையலையே விரலால் தடவிக்கொண்டிருந்தார். "அத்தோ (பர்மா நூடுல்ஸ்) போட்டு விக்கலன்னா அன்னிக்கு நமக்கு சோறு ஏது? பாவம், இந்தப் பொண்ணுங்க" என்றார். அதை அவருக்கே கொடுத்துவிட்டேன். காசு நான் போட்டேன்.

மீதி 3 இருக்கிறது, கறுப்பில் சிவப்புக் கோடு போட்டது. ஞாயிறு காலை வீட்டில்தான் இருப்பேன். வந்து தொட்டுப் பாருங்கள்.