நான் கோவா போய் வந்த செலவு, ரொனால்டோவுக்குப் பதினாலு செகண்ட் சம்பளம் (2025 நவம்பர் இழை)

அல்சூர்_பத்து எழுதியது:

மச்சா, ஆசிய கிளப் போட்டியில எஃப்சி கோவாவும், ரொனால்டோ ஆடற சவுதி கிளப் அல் நாசரும் ஒரே குரூப்புன்னு டிரா வந்தப்போ இங்க எத்தனை பேர் குதிச்சீங்க, ஞாபகம் இருக்கா? நானும்தான் குதிச்சேன். அக்டோபர் 22, ஃபடோர்டா ஸ்டேடியம். ஷிஃப்ட் மாத்தி, பெங்களூரு ஆனந்த ராவ் சர்க்கிள்ல இருந்து நைட் பஸ், மட்காவ்ல ரூம், எல்லாம் பக்காவா போட்டாச்சு. தீபாவளி சமயத்துல செய்தி வருது: டீம் வருது, அவர் வரல.

பஸ்காரன் காசு திருப்பித் தர மாட்டான். அதனால போனோம். வழியில அம்மா கட்டிக் குடுத்த முறுக்கை நாலு பேரும் பேசாம தின்னுட்டே போனோம். ஸ்டேடியம் வாசல்ல 7ஆம் நம்பர் மஞ்சள் ஜெர்சி குவியலா கெடக்கு, விக்கிறவன் மூஞ்சியைப் பார்க்க முடியல.

எனக்கு மொத்தம் ஒன்பதாயிரம் செலவு. திரும்பி வரும்போது தூக்கம் வராம கால்குலேட்டரைத் தட்டினேன். அல் நாசர்ல அவருக்கு வருஷத்துக்கு 20 கோடி யூரோன்னு செய்தி. யூரோ நூறு ரூபான்னு வெச்சா நாளைக்கு ஏறக்குறைய அஞ்சரை கோடி. செகண்டுக்கு அறுநூத்துச் சொச்சம். என் ஒன்பதாயிரத்தை அவர் பதினாலு செகண்டுல சம்பாதிச்சுடறார். இவ்ளோ வாங்கற மனுஷன் ஒரு நாள் கோவா வந்து நிக்கக் கூடாதா?

---

கணக்குவாத்தி எழுதியது:

தம்பி, வருத்தம் புரியுது. ஆனா கணக்கைத் தப்பான பேரேட்டுல எழுதற. உன் டிக்கெட் காசு போனது மேட்ச் நடத்தின கோவாவுக்கு. ரொனால்டோவுக்கு அதுல ஒரு பைசா இல்ல. வெளியூர் மேட்ச் சிலதுக்கு வராம இருக்க ஒப்பந்தத்துலயே இடம் இருக்குன்னு செய்தி வந்துச்சு. 40 வயசு ஆளு எந்த மேட்ச் ஆடணும்னு கிளப்பும் அவரும் பேசி வெச்சதுல நீ எங்க வர்ற?

ரெண்டாவது, இந்தப் பணம் வானத்துல இருந்து விழல. 2003ல மான்செஸ்டர் யுனைடெட் ஒரு கோடியே இருபது லட்சம் பவுண்டு சொச்சம் குடுத்து வாங்கின பையனை, 2009ல ரியல் மாட்ரிட் எட்டு கோடி பவுண்டு குடுத்து வாங்கிச்சு. அங்க 438 மேட்ச், 450 கோல். திரும்பப் படி: மேட்சை விட கோல் அதிகம். வருஷத்தோட சிறந்த பிளேயருக்குக் குடுக்கற பாலன் டி'ஓர் அஞ்சு, 2016 யூரோ கப். போன மாசம் ப்ளூம்பெர்க் அவர் சொத்தை 140 கோடி டாலர்னு போட்டுச்சு. நம்ம காசுல பன்னிரண்டாயிரம் கோடிக்கு மேல. சம்பளம், நைக்கி ஒப்பந்தம், ஓட்டல், சிஆர்7 உள்ளாடை எல்லாம் சேர்த்து. இதுல எது திருட்டு?

---

ஹோசூர்ரோடு_லியோ எழுதியது:

>> இதுல எது திருட்டு?

நல்ல கேள்வி. 2019 ஜனவரி, மாட்ரிட் கோர்ட். தன் முகத்தையும் பேரையும் விளம்பரத்துக்கு விடற உரிமைக் காசை வெளிநாட்டுக் கம்பெனி வழியா மறைச்ச வரி கேஸ்ல ஒரு கோடியே எண்பத்தெட்டு லட்சம் யூரோ அபராதம், 23 மாசம் ஜெயில். நிறுத்தி வெச்ச தண்டனைங்கறதால உள்ள போகல. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு சிரிச்சுட்டே வெளிய வந்தாரு. ஆடிட்டர் சார் இதை எந்தப் பேரேட்டுல எழுதுவாரு?

---

கணக்குவாத்தி எழுதியது:

உங்க சாமி போட்டோவுக்குப் பின்னாடியும் கொஞ்சம் துடைங்க. 2016, பார்சிலோனா கோர்ட், மெஸ்ஸிக்கு 21 மாசம், அதே மாதிரி வரி கேஸ். அப்புறம் அதுக்குப் பதிலா நாளைக்கு 400 யூரோ வீதம் கட்டிட்டு முடிச்சாங்க. "எங்கப்பாதான் கணக்கு பார்த்தாரு, எனக்கு ஒண்ணும் தெரியாது"ங்கறதுதான் வாதமே. அந்த வாதத்தை எங்க ஆபீஸ்ல நம்ம கிளையண்ட் யாராவது சொன்னா கோரமங்களா வருமான வரி ஆபீஸ்ல டீ குடுத்து உக்கார வைப்பாங்களா?

(உலகத்துலயே பணக்கார ஃபுட்பால் பிளேயர் இவங்க ரெண்டு பேரும் இல்ல, புருனே சுல்தானோட தம்பி புள்ள ஃபைக் போல்கியான்னு சொல்லுவாங்க. அந்தப் பையன் பந்தை உதைச்சு சம்பாதிக்கல, அதனால விட்டுடலாம்.)

---

கேஜிஎஃப்_செல்வி எழுதியது:

நீங்க ரெண்டு பேரும் கோர்ட்டுல இருங்க. நான் சொல்ல வர்றது வேற.

என் பொண்ணுக்குப் பதினோரு வயசு. கோச்சிங்ல சேர்க்கப் போனேன். பேர் வேண்டாம், நம்ம ஊர்ல இப்ப தெருவுக்கு ஒண்ணு இருக்கு. செயற்கைப் புல்லு, வலை கட்டின மைதானம், வரவேற்புல ஏசி. மாசம் ஆறாயிரம், கிட் தனி. வசதி இல்ல சார்னு இழுத்தேன். வரவேற்புல இருந்த பையன் என்ன பண்ணான் தெரியுமா? சுவத்துல இருந்த ரொனால்டோ படத்தைக் காட்டி, "மேடம், இவரும் ஏழை வீட்டுப் பிள்ளைதான். அப்பா தோட்டக்காரர், அம்மா சமையல் வேலை. அவங்க வசதி இல்லைன்னு நினைச்சிருந்தா?" அப்படின்னான்.

எனக்கு ஒரு நிமிஷம் கண்ணே கலங்கிடுச்சு. ரயில்ல வரும்போதுதான் உறைச்சுது. அவங்கப்பா அந்த மதேய்ரா தீவுல ஆண்டோரின்யாங்கற சின்ன கிளப்புல ஜெர்சி, பூட்ஸ் பார்த்துக்கிட்ட ஆளு. பையன் அதே கிளப்புலதான் பந்து கத்துக்கிட்டான். மாசம் ஆறாயிரம் கட்டி இல்ல! பன்னிரண்டாயிரம் கோடி இருக்கறவரோட ஏழ்மையைத்தான் எங்கிட்ட இவங்க விக்கறாங்க. அவரு எவ்ளோ வாங்கினா எனக்கென்ன. அவரு ஏழையா இருந்த கதைக்கு நான் ஏன் மாசாமாசம் ஃபீஸ் கட்டணும்?

---

அல்சூர்_பத்து எழுதியது:

அக்கா, செம. இதுக்கு வாத்தி பதில் சொல்லட்டும்.

---

கோல்போஸ்ட்_தாத்தா எழுதியது:

பேரன் இந்த இழையைக் காட்டினான். நான் கௌதமபுரத்துக்காரன். எங்க ஏரியாவுல பீலேவுக்குச் சிலை இருக்கு, உங்கள்ல பாதிப் பேர் அது முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்திருப்பீங்க.

பீலே போன சேதி எங்களுக்கு வந்தது 2022 டிசம்பர் 29 நடுராத்திரி தாண்டி. காலையில மாலை வாங்கப் போனோம், அன்னிக்குச் சாமந்தி விலை கேட்டு நானே தயங்கினேன். மெழுகுவத்தி எல்லாம் எரிஞ்சு முடிஞ்ச அன்னிக்கு ராத்திரியே ரொனால்டோ அல் நாசர்ல கையெழுத்துப் போட்டார்னு வருது. ஒரு ஆளு மண்ணுக்குப் போறான், இன்னொரு ஆளு மணலுக்குப் போறான்னு பக்கத்து வீட்டுக்காரன் சொன்னான். கொஞ்சம் ஓவர்தான், ஆனா மறக்க முடியல.

பீலேவை 1961ல பிரேசில் அரசாங்கம் தேசியச் சொத்துன்னு அறிவிச்சுது, ஐரோப்பாக்காரன் தூக்கிட்டுப் போகக் கூடாதுன்னு. 1974 வரைக்கும் அங்க சாண்டோஸ் கிளப்புலயே ஆடினார். நியூயார்க் காஸ்மாஸ்ல போய்க் காசு பார்த்தப்போ வயசு 34. அந்த டீமோட 1977ல கல்கத்தா வந்தார், மோகன் பகானோட 2-2. அப்ப எனக்கு 12 வயசு.

நாங்க எப்படிச் சம்பாதிச்சோம்னு சொல்றேன். எங்க காலத்துல ஐடிஐ, எச்ஏஎல், எல்ஆர்டிஇன்னு பெங்களூர்ல இருந்த அரசாங்க நிறுவனம் எல்லாத்துக்கும் டீம் இருந்துச்சு. பந்து ஆடினா அரசாங்க வேலை. எனக்கு 1986ல ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஒரு பொதுத்துறை கம்பெனியில கிடைச்சுது. காலையில கார்டு பஞ்ச், மதியம் சாப்பாடு முடிஞ்சதும் பிராக்டீஸுக்கு விட்டுடுவாங்க, முட்டைக்கும் பாலுக்கும் தனியா அலவன்ஸ். சீசன்ல அசோக் நகர் ஸ்டேடியத்துல மேட்ச். கோல் விட்டா மறுநாள் கேன்டீன்ல சாம்பார் ஊத்தறவன் வரைக்கும் கேலி. ஆனா முட்டி போனப்பவும் வேலை போகல. ரெண்டு பொண்ணுங்களைக் கட்டிக் குடுத்தேன். என் கூட ஆடின பத்துப் பேர்ல ஒருத்தனும் கோடீஸ்வரன் இல்ல, ஒருத்தனும் தெருவுக்கு வரவும் இல்ல.

இப்ப அந்த மாதிரி வேலைக்கு ஆள் எடுக்கறதே அபூர்வம். பையனுங்க எல்லாம் ரொனால்டோ ஆகணும், இல்லேன்னா டெலிவரி பைக். நடுவுல ஒண்ணுமே இல்ல. எனக்கு அதுதான்பா பயம்.

---

கணக்குவாத்தி எழுதியது:

ஐயா, உங்க பதிவை ரெண்டு தடவை படிச்சேன். மதிச்சே மறுக்கறேன்.

பீலேவைச் சாமியார் ஆக்காதீங்க. 1970 உலகக் கோப்பையில பெரு மேட்ச் தொடங்கற நேரத்துல குனிஞ்சு ஷூ கயிறு கட்டினாரே, கேமரா அவரு பூமா ஷூவைக் காட்டணும்னு காசு வாங்கிட்டுப் பண்ணினதுன்னு சொல்லுவாங்க. தேசியச் சொத்துன்னு பட்டம் குடுத்ததை நாம பெருமையா பேசறோம். அவரோட சந்தை மதிப்பைப் பதிமூணு வருஷம் கட்டிப் போட்ட உத்தரவு அது. ரொனால்டோவை அப்படி யாரும் கட்டிப் போடல, அவ்ளோதான் வித்தியாசம்.

நடுவுல ஒண்ணும் இல்லைங்கறதை ஒத்துக்கறேன். 2015ல ஐஎஸ்எல், அதாவது இந்தியன் சூப்பர் லீக் ஏலத்துல நம்ம இந்திய டீம் சுனில் சேத்ரிக்கு மும்பை சிட்டி குடுத்தது 1.2 கோடி, அந்த ஏலத்துலயே அதுதான் உச்சம். ரொனால்டோவோட இன்னிக்குக் கணக்குல அஞ்சு மணி நேரம். இந்த வருஷம் ஆகஸ்ட்டுல லீகே நடக்குமான்னு தெரியாம பெங்களூரு எஃப்சி பிளேயர்ங்க சம்பளத்தை நிறுத்தி வைக்கறதா அறிவிச்சுது. இந்தியாவுக்கு 95 கோல் அடிச்ச அதே சேத்ரி இருக்கற டீம். அதுக்குக் காரணம் ரியாத்துல இல்ல, இந்திய ஃபுட்பால் சம்மேளனமும் லீக் நடத்தற கம்பெனியும் ஒப்பந்தம் புதுப்பிக்காம இழுத்ததுல இருக்கு. கோவத்தை அங்க திருப்புங்க.

செல்விக்கு: நீங்க ஆண்டோரின்யா பேரைச் சொன்னதால ஒண்ணு. ஃபிஃபா விதிப்படி ஒரு பிளேயரை ஒப்பந்தக் காலத்துக்குள்ள வேற நாட்டு கிளப் காசு குடுத்து வாங்கினா, அந்தத் தொகையில அஞ்சு சதவீதம் அவரை 12 வயசுல இருந்து 23 வயசு வரைக்கும் வளர்த்த கிளப்புகளுக்குப் பிரிச்சுப் போகணும். 2018ல யுவென்டஸ் பத்து கோடி யூரோ குடுத்தப்போ அதுல லிஸ்பன் ஸ்போர்டிங்குக்கும் பங்கு உண்டு. ஆனா ஆண்டோரின்யாவை விட்டு அவர் போகும்போது பத்து வயசுதான். அப்பா ஜெர்சி மடிச்சு வெச்ச கிளப்புக்கு விதிப்படி பூஜ்யம். அல் நாசருக்கு ஒப்பந்தம் எதுவும் இல்லாம சும்மா போனதால அந்தத் தடவை யாருக்குமே பூஜ்யம்.

இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் இடிக்குது. அதுக்காக சம்பளம் தப்புன்னு சொல்ல மாட்டேன்.

---

கேஜிஎஃப்_செல்வி எழுதியது:

அப்ப சின்ன கிளப் வளர்த்த புள்ள பெருசானா, வளர்த்தவனுக்கு வரணும்னா பேப்பர் இருக்கணும்?

---

கணக்குவாத்தி எழுதியது:

ஆமா. சம்மேளனத்தோட ஆன்லைன் பதிவு இருக்கு, சிஆர்எஸ்னு பேரு. பிள்ளை எந்த கிளப்புல எந்த வயசுல ஆடிச்சுன்னு அதுல ஏறணும். ஏறலேன்னா தாத்தா மாதிரி ஆளுங்க பத்து வருஷம் சொல்லிக் குடுத்தாலும் கணக்குல வராது.

---

கோல்போஸ்ட்_தாத்தா எழுதியது:

எங்க கிரவுண்டுல இருக்கறது ஒரே ஒரு நோட்டு, அதுலயும் பாதிப் பக்கம் சீட்டுக் கணக்கு. பேரனை விட்டு அந்தப் பதிவைப் பார்க்கச் சொல்றேன். அம்மா செல்வி, ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்குப் பொண்ணைக் கூட்டிட்டு வா. ஏசி கிடையாது. ஃபீஸும் கிடையாது, மழை பேஞ்சா சேறு உண்டு.

---

ஹோசூர்ரோடு_லியோ எழுதியது:

தாத்தாவுக்கு ஒரு கும்பிடு. சரி, இப்ப ஒரு முக்கியமான அறிவிப்பு. டிசம்பர்ல மெஸ்ஸி இந்தியா வர்றார். 14ஆம் தேதி மும்பை, வான்கடே. நான் போறேன். யாரெல்லாம் வர்றீங்க?

---

கணக்குவாத்தி எழுதியது:

அவர் வந்து கை காட்டுவார், தம்பி. மேட்ச் ஆட வரல. அதுக்கு டிக்கெட் விலை என்னன்னு பார்த்தியா?

---

அல்சூர்_பத்து எழுதியது:

வாத்தி சொல்றது கரெக்ட். ரொனால்டோகிட்ட பட்டதே போதும், நான்லாம் இனிமே ஒருத்தனுக்கும் பஸ் ஏற மாட்டேன்.

லியோ, உத்யான் எக்ஸ்பிரஸ்ல 12ஆம் தேதி ஸ்லீப்பர் காட்டுதா பாரு. கீழ் பெர்த் இருந்தா எனக்கு ஒண்ணு.