9 ஆசனம் 6 ஆனது: வெளியில் இருப்பவர்கள் எங்களுக்காகப் பேசலாமா?

கோண்டாவில் வளவு:
யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010 இல் 9 பாராளுமன்ற ஆசனங்கள் இருந்தன. 2015 இல் 7, 2024 இல் 6. கிளிநொச்சியையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. பதிவிலுள்ள வாக்காளர் தொகையைப் பார்த்துத்தான் ஆசனம் பிரிப்பார்கள், ஆட்கள் போகப் போக அதுவும் போகிறது. எங்கள் ஒழுங்கையில் 11 வீடு, 5 பூட்டிக் கிடக்கிறது. அதில் இரண்டின் திறப்பு என்னிடம். வெள்ளிக்கிழமைகளில் போய் முற்றம் கூட்டி, விளக்கேற்றி, கிணற்று மோட்டர் இறுகிப்போகாமல் பத்து நிமிடம் ஓடவிட்டு வருவேன். போன கிழமை, ஜெனீவாவிலுள்ள ஐ.நா. மனித உரிமைகள் பேரவைக்கு அனுப்பப்போகும் ஒரு கடிதத்துக்காக வெளிநாட்டிலுள்ள எங்கள் ஆட்கள் இணையவழிக் கூட்டம் வைத்தார்கள். பேசியவர்கள் ஒன்பது பேர், இங்கே இருப்பவர் ஒரே ஒருவர், அவருக்குக் கொடுத்தது நாலு நிமிடம். போனது பிழை என்று சொல்லவில்லை. ஆனால் இங்கே எது வேண்டும் என்பதை ஏன் அங்கே முடிவெடுக்கிறீர்கள்?

ஸ்காபரோ அக்கா:
தம்பி, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் அம்மாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். ஆசைப்பட்டுப் புறப்பட்ட ஆள் இல்லை. சரி, நாங்கள் பேசி என்ன நடந்தது என்று கேட்பீர்கள். 2000 டிசம்பரில் மிருசுவிலில் 8 பேரைக் கொன்ற வழக்கில் ஒரு இராணுவத்தினருக்கு 2015 இல் மரண தண்டனை கொடுத்தார்கள், 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோட்டாபய மன்னிப்புக் கொடுத்து வெளியில் விட்டார். 2023 ஜனவரியில் கனடா அந்த இராணுவத்தினருக்கும், மன்னிப்புக் கொடுத்தவருக்கும், முன்னாள் ஜனாதிபதி மகிந்தவுக்கும் தடை போட்டது. அது தானாக நடந்ததா? இங்கே கனடாவில் எங்களுக்கு வாக்கு இருக்கிறது, அதைக் கேட்டு எங்கள் வாசலுக்கு வருகிறார்கள், வரும்போது நாங்கள் இதைச் சொல்கிறோம். ஊரில் இதைச் சத்தமாகச் சொன்னவர்களுக்கு என்ன நடந்தது என்பதை நான் எழுதத் தேவையில்லை.

கோண்டாவில் வளவு:
அக்கா, அந்தத் தடையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். மிருசுவில் ஆட்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் மன்னிப்புக் கிடைத்த அந்த இராணுவத்தினர் தடை வந்த பிறகும் வெளியில்தான் இருந்தார்.

மயிலிட்டிக் கடல்:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அதே கனடாவுக்கு 2010 ஓகஸ்டில் சன் சீ கப்பலில் எங்கள் ஆட்கள் 492 பேர் போய் இறங்கினார்கள். பிள்ளைகுட்டிகளோடு தடுத்து வைத்தார்கள். பிறகு 2012 இல் அப்படிக் கூட்டமாக வருகிறவர்களை அடைத்து வைக்கச் சட்டமே போட்டார்கள். அப்போதும் உங்களிடம் வாக்கு இருந்ததுதானே அக்கா? 2021 இல் கனடாவுக்கென்று புறப்பட்ட 89 பேரின் படகு பழுதாகி டியாகோ கார்சியாவில் ஒதுங்கியது. பிரித்தானியா வைத்திருக்கும் தீவு, அமெரிக்கப் படைத்தளம். மூன்று வருசம் எலிக்குள்ளே கூடாரத்தில் இருந்தார்கள், 2024 டிசம்பரில்தான் அப்படி அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று நீதிமன்றம் சொன்னது. ஜெனீவாவில் எங்களுக்காகத் தீர்மானம் கொண்டுவருகிற நாடும் அதே பிரித்தானியாதான். செத்துப்போன எங்களுக்காகப் பேசுகிறார்கள், உயிரோடு வாசலுக்குப் போனால் கதவைப் பூட்டுகிறார்கள்.

எனக்கு இது செய்தி இல்லை. 2022 நவம்பரில் வியட்நாமில் கரை சேர்த்த 303 பேரில் என் தம்பியும் ஒருவன். ஏஜென்சிக்காரன் நல்ல கப்பல் என்று சொல்லித்தான் ஏற்றினான். திரும்பி வரும்போது ஒரு சேட்டும் சாரமும்தான் அவனிடம் இருந்தது. காணி இன்னும் ஈட்டில் இருக்கிறது, வட்டி ஏறுகிறது.

கம்பஸ் பிள்ளை:
நானும் வெளியில் போகத்தான் விண்ணப்பித்திருக்கிறேன், ஒளிக்கவில்லை. அண்ணை, நாங்கள் போவதால் ஆசனம் குறைகிறது என்றால் அந்தப் பாரத்தை 23 வயதுக்காரியின் தலையில் வைக்காதீர்கள். அந்த 9 ஆசனத்தைக் கணக்கிட்ட வாக்காளர் பதிவில் கூட, எப்போதோ போய்விட்ட ஆட்களின் பெயர்கள் எத்தனை இருந்தனவோ. பட்டம் முடித்து இரண்டு வருசம் வேலைக்குக் காத்திருந்த என் அக்காவிடம் ஊரைப் பிடித்து நில் என்று ஒருத்தரும் சொல்ல வரவில்லை. இன்னொன்று, பூட்டின வீட்டுக்காரர் அற்றோணித் தத்துவம் (தங்களுக்குப் பதிலாகக் காணியைப் பார்க்கும் அதிகாரப் பத்திரம்) கொடுத்தால் இங்கே யாராவது இருந்து தோட்டமாவது செய்யலாம். அதையும் செய்கிறார்கள் இல்லை.

ஸ்காபரோ அக்கா:
பிள்ளை சொன்னது எனக்கும் சுடுகிறது. அளவெட்டியில் எங்கள் வீடும் பூட்டித்தான் கிடக்கிறது. விற்க மனமில்லை, வந்திருக்கவும் முடியவில்லை.
மயிலிட்டித் தம்பி கேட்டதற்கு: 2010 இல் நாங்களும் அந்தச் சிறை வாசலில் போய் நின்றோம், மொழிபெயர்த்தோம், பிணைக்கு ஓடினோம். ஆனால் அந்தச் சட்டத்தை நிறுத்த எங்களால் முடியவில்லை, அது உண்மை. எங்கள் ஆட்களே சிலர் 'இனி வருகிறவர்கள் ஒழுங்காக வரட்டும்' என்று சொன்னதும் உண்மை. வெட்கமாக இருக்கிறது.

மயிலிட்டிக் கடல்:
சொன்னதற்கு நன்றி அக்கா. அந்த ஜெனீவாக் கடிதத்தில் படகில் போய்த் திரும்பியவர்களின் கடனைப் பற்றியும் ஒரு வரி வருமா?

ஸ்காபரோ அக்கா:
ஞாயிறு இரவு கடைசித் திருத்தம். எழுதி அனுப்புங்கோ, நான் கூட்டத்தில் வாசித்துக் காட்டுகிறேன்.

கோண்டாவில் வளவு:
நீங்கள் வாசிக்க வேண்டாம் அக்கா. தம்பிக்காரனையே கூப்பிடுங்கள், நாலு நிமிடம் என்று மறிக்காமல் பேச விடுங்கள். அங்கே ஞாயிறு இரவு என்றால் இங்கே திங்கள் விடியல், அவன் கடலுக்குப் போயிருப்பான். நேரத்தையும் மாற்றுங்கள்.